மதினி மெயினை இறக்கும் நேரம்

கணினியைத் தூங்க வைப்பது என் வேலை. தூங்கியதை எழுப்புவதும் என் வேலைதான். கல்யாண வீடுகளில் இதைச் சொல்லி மாட்டிக்கொண்டால் சொந்தக்காரர்கள் விடமாட்டார்கள். இன்னும் தாலாட்டுப் பாடித்தான் சம்பளம் வாங்குகிறாயா என்று கேட்டு வாயைக் கிளறுவார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவேன். ஆனால் எனக்கு என் தொழிலில் கர்வம் உண்டு. அதை மறைத்து அடக்கமாக எழுதுகிற ஆள் நான் இல்லை.

மடிக்கணினியின் மூடியை மூடினால் அது தூங்குகிறது. திறந்தால் விட்ட இடத்திலிருந்து எழுகிறது. இடையில் என்ன நடக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. யாரையும் யோசிக்க வைக்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இயங்குதளத்தின் அடியில் கர்னல் என்று ஒன்று இருக்கிறது. திரை, வைஃபை, டிஸ்க், ஒலிபெருக்கி எல்லாவற்றையும் வேலை வாங்குவது அதுதான். தூங்கும் நேரம் வந்ததும் அவை ஒவ்வொன்றையும் முறையாக அணைத்து, நினைவகத்துக்கு மட்டும் துளி மின்சாரம் விட்டுவிட்டு, கடைசியில் அது தானும் அடங்க வேண்டும். எழும்போது அதே பட்டியலைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். நடுவில் ஒரு உறுப்பு முரண்டு பிடித்தால் மூடியைத் திறக்கிறவருக்குக் கிடைப்பது கறுப்புத் திரை மட்டும்தான்.

நான் வேலை பார்க்கும் கம்பெனி பெங்களூரில் இருக்கிறது. நான் புதுக்கோட்டையில் இருக்கிறேன். தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற ரோட்டில் வருமே, அந்தப் புதுக்கோட்டை. ஊருக்குத் திரும்பப் போகிறேன் என்று சொன்ன அன்று, அங்கே சோதனைக்கூடம் எல்லாம் இருக்குமா என்று எங்கள் டீம் லீடர் கேட்டார். சாப்பாட்டு மேசை இருக்கிறது என்றேன். அவர் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் ஆறு மாதம் பாடுபட்டு ஒரு பேட்ச் எழுதினேன். பேட்ச் என்றால் கர்னலில் செய்யும் ஒரு திருத்தம். உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதும் கர்னல் அது. ஒரு வரியை மாற்ற வேண்டும் என்றாலும் எல்லாரும் பார்க்கும்படி மின்னஞ்சலில் அனுப்பி, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும். உறுப்புகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்த இடத்தில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவற்றை ஒரே நேரத்தில் அணைக்கும்படி நான் மாற்றினேன். ஏழு முறை திருப்பி அனுப்பினார்கள். எட்டாவது முறை ஏற்றுக்கொண்டார்கள். கணினி தூங்குவதற்கு ஆகும் நேரம் பாதிக்கும் கீழே போனது. அன்று தெரு முழுக்க மக்ரூன் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் லேப்டாப் சீக்கிரம் தூங்குகிறது என்றேன். வாங்கிச் சாப்பிட்டார்கள், பாவம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த மின்னஞ்சல் வந்தது. எங்கோ குளிர்நாட்டில் இருக்கும் முகம் தெரியாத ஒருவர், தன் மடிக்கணினி சில சமயம் தூங்கினால் எழுவதில்லை என்று எழுதியிருந்தார். எந்த மாற்றத்துக்குப் பிறகு இப்படி ஆனது என்று பாதி பாதியாகக் கழித்துத் தேடி என் பேட்சில் வந்து நின்றிருந்தார். அதன் கீழேயே அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவரின் பதிலும் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் இந்தப் பேட்சைத் திரும்பப் பெறுவேன். அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

திரும்பப் பெறுவது என்றால் சத்தமில்லாமல் எடுத்துவிடுவது இல்லை. இன்னார் எழுதிய இன்ன மாற்றம் இன்ன காரணத்தால் நீக்கப்படுகிறது என்று கர்னலின் பதிவேட்டில் ஏறும். அந்தப் பதிவேட்டிலிருந்து எதுவும் அழியாது. அவரிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, எல்லாருக்கும் நடப்பதுதான். ஆறு மாத உழைப்பு போவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். என் பெயர் அப்படி ஒரு வரியில் காலாகாலத்துக்கும் நிற்பதை என்னால் தாங்க முடியாது.

குளிர்நாட்டுக்காரர் எழுதியிருந்த அதே மாடல் மடிக்கணினி என்னிடமும் இருந்தது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. கணினி தானே தூங்கி, பத்து நொடியில் தானே எழுந்து, மறுபடி தூங்கும்படி ஒரு சிறு நிரலை ஓடவிட்டு விட்டுப் போய்விடுவோம். ஆயிரம் தடவை ஓடவிட்டேன். ஆயிரம் தடவையும் எழுந்தது. எனக்கு மூக்கு விடைத்துக்கொண்டது. என் மேசையில் ஆயிரத்துக்கு ஆயிரம் சரியாக இருக்கிறது, உங்கள் இயந்திரத்தை ஒருமுறை பாருங்கள் என்று கொஞ்சம் காரமாகவே பதில் போட்டேன். மரியாதையான ஆங்கிலத்தில்தான் போட்டேன், ஆனால் காரம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அதே மாடல் இன்னொன்றும் எங்கள் குடும்பத்தில் இருந்தது. என் அண்ணன் கடையில்.

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் அண்ணன் கடை வைத்திருக்கிறான். நைலான் கயிறு, கொக்கி, பெயிண்ட், போட் எஞ்சின் சாமான் எல்லாம் கிடைக்கும். போர்டில் அப்பா பெயரைப் போட்டு அதன் கீழே 'அன் சன்ஸ்' என்று எழுதியிருக்கும். கடையை நடத்துவது அவன் மனைவி, என் மதினி. அண்ணன் பாதி நேரம் பேங்கிலும் லாரி ஆபீசிலும் நிற்பான். சரக்குப் பார்ப்பது, பில் போடுவது, போட்காரர்களிடம் வாய் கொடுத்து ஜெயிப்பது எல்லாம் அவள்தான். எனக்கு மடிக்கணினி வாங்கியபோது கடைக்கும் ஒன்று சேர்த்து வாங்கிக் கொடுத்தேன். நான் எழுதும் சோதனைக் கர்னலையே அதிலும் போட்டு வைத்தேன். சொந்தக்காரர் பிழைப்பில் சோதனை செய்வது தர்மமா என்று கேட்டால் தர்மம் இல்லைதான்.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போய், இது எப்போதாவது எழுந்திருக்காமல் கிடந்ததா என்று கேட்டேன். கிடக்கிறதே என்றாள் மதினி. மாதக் காலண்டரை எடுத்துக் காட்டினாள். எழாத நாள்களைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். இரண்டு மாதமாக வட்டம், அதாவது என் பேட்ச் போட்ட நாளிலிருந்து. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ஊர்ப்பட்ட வேலை பார்க்கிறவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று இருந்தாளாம். பட்டனைப் பத்து நொடி அமுக்கினால் புதிதாக எழுந்துவிடும், போட்டு முடிக்காத பில் மட்டும் போய்விடும் என்றாள். பிறகு ஒன்று சொன்னாள்.

"ஏளா, நான் அடைச்சாத்தான் அது எந்திரிக்க மாட்டேங்கு. உங்க அண்ணன் அடைச்சா எந்திரிச்சிருது."

நான் சிரித்துவிட்டேன். யார் கை என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது மதினி என்றேன். வந்து நின்ற ஆளுக்கு அவள் கயிறு அளக்கப் போய்விட்டாள்.

கணினி எழாமல் கிடக்கும்போது அதனிடமிருந்து ஒரு தடயமும் வாங்க முடியாது. திரை கிடையாது, டிஸ்க் கிடையாது. அணையாமல் ஓடுவது உள்ளே இருக்கும் கடிகாரம் ஒன்றுதான். அதனால் கர்னல் எங்கே நின்றது என்பதைத் தேதிக்குப் பதிலாக அந்தக் கடிகாரத்தில் எழுதி வைக்கும்படி ஒரு வசதி உண்டு. அதைக் கடைக் கணினியில் போட்டுவிட்டு வந்தேன். தேதி கோணிப்போகும் என்று சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் அண்ணன் போனில் கத்தினான். பில்லில் எல்லாம் ஏதோ ஒரு வருஷம் விழுகிறதாம். வேம்பாரிலிருந்து வந்த போட்காரர் ஒருவர் பில்லைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, என் பேரன் வாங்குத சரக்குக்கு இப்பமே பில் போட்டுட்டியளா?" என்று கேட்டுக் கடையே சிரித்ததாம்.

அதைவிடக் கொடுமை, அந்த வசதியைப் போட்டதிலிருந்து கணினி ஒரு தடவைகூட எழாமல் இருக்கவில்லை. காரணம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. தடயம் எழுதும்போது கர்னல் உறுப்புகளைப் பழையபடி ஒவ்வொன்றாகத்தான் அணைக்கும். அதாவது என் பேட்ச் வேலையே செய்யாது. ஒரு நாள் முழுக்க வீண். புதன்கிழமை மதியம் அதை எடுத்துவிடப் பஸ் ஏறிப் போனேன்.

எங்கள் பக்கம் கடைகளை மதியம் அடைப்பார்கள். ஒன்றரைக்கு அடைத்தால் நாலரைக்குத் திறப்பார்கள். ராத்திரி அடைக்கும்போது கணினியை முழுசாக அணைத்துவிடுவார்கள், மதியத்துக்கு மூடியை மட்டும் மூடுவார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. உப்புக்காற்று ஸ்விட்ச் போர்டுக்குள் புகுந்து செம்பைப் பச்சையாக்கிவிடும். ஒரு தடவை பக்கத்துக் கடையில் அடைத்துவிட்டுப் போன பிறகு பொறி பறந்து தார்ப்பாய்க் கட்டு எரிந்தது. அதிலிருந்து அந்தத் தெருவில் மெயின் ஸ்விட்சை இறக்காமல் யாரும் கடை அடைப்பதில்லை. பத்து நிமிஷம் டீ குடிக்கப் போனாலும் இறக்குவார்கள். எனக்கு இது பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்ததாலேயே அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

அன்று அண்ணன் பேங்குக்குப் போயிருந்தான். நான் தடய வசதியை எடுத்துவிட்டு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மதினி அடைத்தாள். இடது கையால் மூடியை மூடினாள். எழுந்துகொண்டே வலது கையை நீட்டித் தலைக்கு மேலே இருந்த மெயினை இறக்கினாள். இரண்டும் ஒரே அசைவு. நடுவில் ஒரு நொடி இருந்தால் அதிகம்.

எனக்குப் பொறி தட்டியது. கதவைச் சாத்தப் போனவளை நிறுத்தி மூடியைத் திறந்தேன். திரை இருட்டாக இருந்தது. பட்டனை அமுக்கி எழுப்பி, மறுபடி செய்யுங்கள் மதினி என்றேன். பத்து முறை செய்ய வைத்தேன். நான்கு முறை எழவில்லை. பிறகு அண்ணன் மாதிரி நானே அடைத்துப் பார்த்தேன். அண்ணன் மூடியை மூடிவிட்டுச் சட்டையை மாட்டுவான், சாமி படத்தைத் தொட்டுக் கும்பிடுவான், செருப்பைத் தேடுவான், அதன் பிறகுதான் மெயின் பக்கம் போவான். அப்படிச் செய்தபோது ஒவ்வொரு முறையும் எழுந்தது. மதினி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இப்பம் தெரியுதா, யாரு கைன்னு?"

ஆயிரம் தடவை ஓடவிட்ட என் சோதனையில் சார்ஜர் ஒரு தடவைகூடப் பிடுங்கப்படவில்லை. எங்கள் ஆள்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போவோம், ஒரு மனுஷி கடையை எப்படி அடைப்பாள் என்று பார்க்கமாட்டோம்.

அதன் பிறகு காரணம் பிடிபட வெகுநேரம் ஆகவில்லை. மடிக்கணினிக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. மூடி திறந்ததா, சார்ஜர் இருக்கிறதா என்று பார்த்துக் கர்னலுக்குச் சொல்வது அதன் வேலை, வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி. ஒரு சேதி சொன்னால் கர்னல் சரி என்று சொல்லும்வரை அது அடுத்த சேதியைச் சொல்லாது. தூங்கப் போகும் கர்னல் ஒரு கட்டத்தில் காதை மூடிக்கொள்கிறது. அதன் பிறகு, நான் தூங்கிவிட்டேன் என்று வாட்ச்மேனுக்குச் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் கண்ணிமைக்கும் நேரம் ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தில் கரண்ட் போனால் வாட்ச்மேன் சேதி சொல்லிவிட்டுப் பதிலுக்காகக் காத்து நிற்கிறான். பதில் வராது. மூடியைத் திறந்தாலும் அவன் சொல்லமாட்டான், முதல் சேதிக்கே இன்னும் பதில் வரவில்லையே. முன்பெல்லாம் மதினி மெயினை இறக்கும் நேரத்தில் கர்னல் விழித்துக்கொண்டிருந்தது. என் பேட்ச் அதை வேகப்படுத்தியதும் அந்தக் கண்ணிமைக்கும் நேரம் சரியாக மதினி கைக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிட்டது. அண்ணன் கை அங்கே போவதற்குள் எல்லாம் நல்லபடியாகத் தூங்கிவிட்டது.

வியாழக்கிழமை அதை நிரூபித்தேன். அந்த நடுவிடத்தில் ஐந்து நொடி காத்திரு என்று கர்னலில் ஒரு வரி எழுதி, அந்த ஐந்து நொடிக்குள் சுவரில் ஸ்விட்சை அணைத்தேன். ஒவ்வொரு முறையும் செத்தது. கணினி சாகச் சாக எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு என் பேட்சையே எடுத்துவிட்டு அதே ஐந்து நொடியை வைத்துப் பார்த்தேன். அப்போதும் செத்தது. அந்த ஓட்டை பல வருஷமாக அங்கேதான் இருந்திருக்கிறது. நான் செய்ததெல்லாம் அதைக் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு இழுத்து வந்ததுதான். ஓட்டையை அடைக்க ஆறு வரி போதுமானதாக இருந்தது. காதை மூடும் முன் வாட்ச்மேனிடம் சொல்லிவிட வேண்டும், சொன்ன பிறகு மிச்சம் ஏதாவது சேதி இருக்கிறதா என்று ஒருமுறை கேட்க வேண்டும். அந்த ஆறு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவ்வளவு அழகாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அதைக் கடைக் கணினியில் போட்டு மதினியைச் சோதிக்கச் சொன்னேன். எழுதியவரைத் தவிர வேறு ஒருவர் சோதித்திருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வியாபார நேரத்தில் மூடி, மெயின், மூடி, மெயின் என்று முப்பது தடவை செய்தாள். ஒவ்வொரு தடவையும் ஃபேன் நின்று, லைட் போய், கடைக்கு வந்தவர்கள் என்னவோ ஏதோ என்று பார்த்தார்கள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். மதினி காலண்டரில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். முப்பதுக்கு முப்பது எழுந்தது.

அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் என் கணினியில் தயாராக இருந்தது. ஒவ்வொரு பேட்சின் கீழும் சில வரிகள் வரும். பிழையைக் கண்டு சொன்னவர் பெயர், சோதித்தவர் பெயர், எழுதியவர் பெயர். கர்னல் உலகத்தில் கைமாறுகிற மரியாதை அதுதான், அதற்கு மேல் அங்கே மாலையும் கிடையாது, பொன்னாடையும் கிடையாது. கண்டு சொன்னவர் என்ற வரியில் குளிர்நாட்டுக்காரரின் பெயர் இருந்தது. மேலே விளக்கத்தில் 'ஒரு சில்லறைக் கடையில் இருந்த மடிக்கணினி' என்று எழுதியிருந்தேன். மதினி பி.காம். படித்தவள். என் தோளுக்குப் பின்னால் நின்று முழுக்க வாசித்தாள்.

அந்தப் பெயர் யார் என்று கேட்டாள். இவர்தான் முதலில் பிழையைச் சொன்னவர் என்றேன். என்ன சொன்னார் என்று கேட்டாள். தூங்கினால் எழுவதில்லை என்று சொன்னார் என்றேன்.

"அதத்தான நானும் சொன்னேன்."

குறையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போன் அடித்ததை எடுக்கப் போனாள். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. ஐந்து நாளாக என் பெயருக்காக நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். முகம் தெரியாத ஒரு மனிதரின் பெயரை யோசிக்காமல் எழுதின எனக்கு, காரணத்தையே கையில் வைத்துக் கொடுத்தவளை ஒரு சில்லறைக் கடை என்று எழுதத் தோன்றியிருக்கிறது. அவள் செவ்வாய்க்கிழமையே சொன்னாள், நான் சிரித்தேன். வெட்கமாக இருந்தது. நானும் ஒரு பெண்தான் என்பது அந்த வெட்கத்தை இன்னும் அதிகமாக்கியது.

விளக்கத்தைத் திருத்தி எழுதினேன். பெயர் போட வேண்டும் என்றதும், கடைப் பெயரைப் போடு, விளம்பரமாக இருக்கும் என்றான் அண்ணன். கடைப் பெயர் போட முடியாது, ஆள் பெயர்தான் வேண்டும் என்றேன். அப்படியென்றால் தன் பெயரைப் போடலாமே, லேப்டாப் தன் கடையில்தானே இருக்கிறது என்றான். நீ சாப்பிடப் போ அண்ணே என்றேன். மதினியிடம் என்ன முதலெழுத்து போட என்று கேட்டேன். சர்டிபிகேட்டில் இருப்பதைப் போடு என்று அவள் அப்பாவின் முதலெழுத்தைச் சொன்னாள். ஆத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்து இருபது வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கண்டு சொன்னவர் வரியில் குளிர்நாட்டுக்காரர் பெயரோடு ஒரு முறையும், சோதித்தவர் வரியில் ஒரு முறையும் அவள் பெயரை எழுதி, ஒன்றரை மணிக்குக் கடை அடைக்கும் முன் அனுப்பினேன்.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பதில் வந்துவிட்டது. பழைய பிழைதான், புரிந்தது, திரும்பப் பெறவில்லை, ஆறு வரியையும் ஏற்றுக்கொண்டேன் என்று பொறுப்பானவர் எழுதியிருந்தார். குளிர்நாட்டுக்காரரும் எழுதியிருந்தார். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் மூடியை மூடிய கையோடு ஒயரைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது அவர் வழக்கமாம். முதல் நாளே அதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் அவரிடம் இயந்திரத்தைப் பாருங்கள் என்றுதானே சொன்னேன். அதற்காக மன்னிப்புக் கேட்டு ஒரு வரி போட்டேன்.

புதிய கர்னல் வெளிவந்ததும் அதைக் கடைக் கணினியில் ஏற்றி, பதிவேட்டைத் திறந்து மதினியிடம் காட்டினேன். ஒரு விரலை வைத்துத் தன் பெயர் இருக்கும் வரியை வாசித்தாள். பிறகு இரண்டாவது வரியையும் வாசித்தாள். இதை யாராவது அழிக்க முடியுமா என்று கேட்டாள். முடியாது மதினி, என் பேட்சை ஒரு நாள் தூக்கினாலும் தூக்குவார்கள், இந்த வரி இருக்கும் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு இடது கையால் மூடியை மூடி, வலது கையால் மெயினை இறக்கி, சாப்பிட வா என்றாள்.

அந்தப் பதிவேட்டில் என் பெயர் இன்று பல இடங்களில் இருக்கிறது. என்ன சாதித்தாய் என்று யாராவது கேட்டால் நான் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த ஆறு வரியைத்தான். கீழே இருக்கும் பெயரையும் சேர்த்தே காட்டுவேன்.

பதிவேட்டைக் காட்டிய அன்று நாலரைக்குக் கடை திறந்தபோது, எழுகிறதா என்று பார்க்கிற பதற்றத்தில் நான் முந்திக்கொண்டு மூடியில் கை வைத்தேன். மதினி என் கையைத் தட்டிவிட்டாள்.

"எடு கையை. என் பேரு உள்ள மிஷின்லா இது."

அவளே திறந்தாள். எழுந்தது.